முன் இருக்கையில் யார்?

அத்தியாயம் ஐந்து

"சார், இது மியூசியமா, மீன் கடையா? தலையும் வாலும் போக நடுத்துண்டு மட்டும் வச்சிருக்காங்க!"

கூடத்தின் வாசலிலேயே நின்று மீட்டர் இதைச் சொன்னாள். சர்வேயர் சிரிக்கவில்லை.

அவள் சொன்னதில் தப்பும் இல்லை. ராணுவம் பயிற்சிக்கு வைத்திருந்து, வயதானதும் கழித்துவிட்ட ஆறு விமானங்கள் வரிசையாக நின்றன. ஒன்றுக்கும் மூக்கு கிடையாது, வால் கிடையாது, இறக்கை கிடையாது. ஆள் உட்காரும் நடுப்பகுதி மட்டும். அதையும் சாம்பல் நிறத் துணியால் போர்த்தி ஆளுக்கொரு எண் மாட்டியிருந்தார்கள். பார்க்க வருகிறவர்கள் ஏணியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்து, காக்பிட்டை மட்டும் வைத்து இது எந்த விமானம் என்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக யோசித்த விளையாட்டு. இன்றைக்கு அதை விளையாட வந்தவருக்கு வயது அறுபது.

முப்பது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துகளை அளந்தவர் என்பதால் அவருக்கு சர்வேயர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஓய்வு பெற்றபின் ஒரு மாடி அறையில் துப்பறியும் அலுவலகம் நடத்தினார். மீட்டர் அவருடைய உதவியாளர்; வயது நாற்பத்தைந்து. பதினாலு வருடம் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். வண்டி நின்றாலும் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும் என்று அங்கே யாரோ வைத்த பெயர்.

"பன்னெண்டு மணி வரைக்கும்தான் உங்களுக்கு நேரம்." பின்னாலிருந்து குரல் வந்தது. அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர். முப்பத்தேழு வயதுப் பெண், கழுத்தில் சாவிக்கொத்து. "எழுத்து வெட்டுறவர் அதுக்கு மேல நிக்க மாட்டார். இன்னும் ஒரு பேருக்கு இடம் விட்டு வைன்னு அந்தம்மா சொல்லிட்டுப் போகாம உக்காந்திருக்காங்க. நானும் மனுஷிதானே, துரத்தவா முடியும்?"

ஜன்னல் வழியே முற்றம் தெரிந்தது. கருங்கல் பலகை ஒன்றின் முன்னால் எழுத்து வெட்டுபவர் குத்துக்காலிட்டு உளியைத் தட்டிக்கொண்டிருந்தார். பறக்கும்போது இறந்தவர்களின் பெயர்ப் பலகை, சாயங்காலம் திறப்பு. பக்கத்து பெஞ்சில் அந்த அம்மாள், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பேரை எங்கப்பா பேருக்குக் கீழ எப்படிங்க வெட்டச் சொல்வேன்?" என்றார் பொறுப்பாளர். "அந்தப் பையன் பெட்ரோலை அடைச்சான், எங்கப்பா செத்தார். அப்ப எனக்கு ஆறு வயசு."

சொல்லிவிட்டு, கையில் வைத்திருந்த பழைய கோப்பை அணைத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார். அந்தக் கோப்பைக் கட்டியிருந்த நீல நாடா சர்வேயருக்கு நன்றாகத் தெரியும்.

வழக்கு இவ்வளவுதான். முப்பத்தோரு வருடத்துக்கு முன் இந்த ஊர் விமானப் பயிற்சிப் பள்ளியின் பழைய இரட்டை இறக்கை விமானம் ஒன்று வயலில் விழுந்தது. தட்டான் என்று அதைக் கூப்பிடுவார்கள். முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை. உள்ளே இருந்த பயிற்சியாளரும், அதாவது பொறுப்பாளரின் அப்பாவும், இருபத்தொரு வயது மாணவனும் தூக்கி எறியப்பட்டு இறந்தார்கள். முன் இருக்கையில் இருந்த பெட்ரோல் பிடி அடைத்த நிலையில் கிடந்தது. முன் இருக்கை மாணவனுடையது, பதற்றத்தில் அவன்தான் அடைத்திருக்கிறான் என்று அறிக்கை சொன்னது. பெஞ்சில் இருந்த அம்மாள் மாணவனின் அக்கா, ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவர். செவ்வாய்க்கிழமை சர்வேயரின் அறைக்கு வந்து ஒரு புகைப்படத்தை மேசையில் வைத்தார். தம்பி எடுத்த படம். ஒரு காக்பிட்டின் உள்பக்கம் மட்டும்.

"இது எந்த விமானம், அதுல எந்த இருக்கை. இதை மட்டும் சொல்லுங்க போதும்" என்றார். அறிக்கையை எழுதியது யார் என்று மீட்டர் கேட்டதற்கு, "யாரோ இன்சூரன்ஸ்காரர்" என்றார்.

யாரோ இல்லை. சர்வேயர்தான்.

அப்போது அவருக்கு இருபத்தொன்பது வயது. அவர் எழுதிய முதல் பெரிய அறிக்கை. ஆறு பக்கம், ஒரே மத்தியானத்தில். மேலதிகாரி தோளில் தட்டி, இப்படி அடித்துச் சொல்லத் தெரிந்தவன்தான் நமக்கு வேண்டும் என்றார். ஆறு மாதத்தில் பதவி உயர்வும் வந்தது. இதை அவர் செவ்வாய்க்கிழமை அந்த அம்மாளிடம் சொல்லவில்லை. மீட்டரிடமும் சொல்லவில்லை. அறிக்கை சரிதான் என்று ஒருமுறை பார்த்துவிட்டால் சொல்லவேண்டிய தேவையே இராது என்று மனதுக்குள் ஒரு கணக்கு. மூன்று ராத்திரி அந்தக் கணக்கு அவரைத் தூங்கவிடவில்லை.

"எங்க சார், படத்தை எடுங்க" என்றாள் மீட்டர்.

சட்டைப்பையிலிருந்து எடுத்தார். கண்ணாடிக் காகித உறைக்குள் வைத்திருந்தார். அவள் கை நீட்டியும் கொடுக்காமல் தானே பிடித்துக் காட்டினார்.

"ஏன் சார், நான் என்ன தின்னுடவா போறேன்? சரி, ஒண்ணாம் நம்பர்." ஏணியில் ஏறியவள் ஏறின வேகத்திலேயே இறங்கினாள். "இது இல்ல. உள்ள ரெண்டு சீட்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கு, புதுசா கல்யாணம் ஆனவங்களுக்கு மாதிரி. உங்க படத்துல ரெண்டு பக்கமும் சுவர். கை நீட்டினா முழங்கை இடிக்கும்."

"பானைன்னு சொல்வாங்க அதை. அடுத்தது."

"ரெண்டாம் நம்பர். அய்யோ, வேகம் காட்டற முள்ளு ஐநூறு வரைக்கும் போகுது! படத்துல?"

"நூத்தி அறுபது."

"அப்ப இது ராக்கெட்டுக்குத் தம்பி. நமக்கு வேணாம். சார், இந்த ஆளுங்க ஐநூறுல போறப்ப முன்னாடி மாடு வந்தா என்ன பண்ணுவாங்க?"

"மேல மாடு வராது."

"பொறுப்பா பதில் சொல்றீங்க. உடம்பு சரியில்லையா?"

மூன்றாம் எண்ணின் ஏணியில் சர்வேயரே ஏறினார். எட்டிப் பார்த்ததும் கைப்பிடியை இறுக்கிக்கொண்டார். கொக்கு என்று கூப்பிடுகிற விமானம். ஒற்றை இறக்கை, சக்கரத்தை மடக்கும் சிவப்புப் பிடி, அதன் மேல் வரிசையாக மூன்று பச்சை விளக்கு. படத்தில் இவை எதுவும் இல்லை. ஆனால் அவர் படத்தைப் பார்க்கவில்லை. அந்த வருடம், விபத்து நடந்த மறுநாள், பள்ளியில் முழுசாக ஒரு தட்டான்கூட இல்லை. இருந்த இன்னொன்றையும் பழுது பார்க்கக் கழற்றிப் போட்டிருந்தார்கள். "எல்லாம் ஒண்ணுதான் சார், இதுல உக்காந்து பாருங்க" என்று ஒரு மெக்கானிக் அவரைக் கொக்கின் முன் இருக்கையில் உட்கார வைத்தான். இது மாணவன் இடம், பின்னால் மாஸ்டர் இடம் என்றான். அவர் குறித்துக்கொண்டார். அத்தோடு அந்த விஷயம் முடிந்தது.

எல்லாம் ஒண்ணுதான். இன்சூரன்ஸ் வேலையில் ஒரு நாளைக்குப் பத்துப் பேர் சொல்கிற வாக்கியம். பத்துப் பேரையும் நம்பாதவர், அன்றைக்கு மட்டும் நம்பினார். சாயங்காலம் பிடிக்க ரயில் இருந்தது.

"என்ன சார், அங்கயே குடி போயிட்டீங்களா?"

"இது இல்ல" என்று இறங்கினார்.

நாலும் ஐந்தும் சீக்கிரமே கழிந்தன. இரண்டுக்கும் தலைக்கு மேல் இழுத்து மூடும் கண்ணாடிக் கூரை. அது ஓடும் தண்டவாளம் இரண்டு ஓரத்திலும் இருந்தது. படத்தில் இருந்த விளிம்பில் தண்டவாளம் இல்லை, தோல் வைத்துத் தைத்த மெத்தைதான். மழை பெய்தால் நனைந்துகொண்டே ஓட்டுகிற ரகம்.

ஆறாம் எண். இரண்டு குழிகள், ஒன்றன் பின் ஒன்றாக. மேல் இறக்கை போனாலும் அதைத் தாங்கிய கம்பிகளில் இரண்டு, முன் குழியின் எதிரே மிச்சம் நின்றன. முழங்காலுக்கு நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் திசைகாட்டி. மரப்பலகையில் நாலே நாலு முள். நூற்றி அறுபதில் முடிகிற வேகம்.

"இதுதான். தட்டான்" என்றார்.

"பாதிக் கேள்வி முடிஞ்சது. முன்னாடியா, பின்னாடியா?" மீட்டர் முன் குழிக்குள் தலையை விட்டாள். "இடது கைப்பக்கம் ஒரு பித்தளைப் பிடி இருக்கு. பெட்ரோல் திறக்க, அடைக்க." பிறகு பின் குழி. "இங்க இல்ல. படத்துல?"

"இல்ல."

"அப்ப படம் பின் சீட்டு. தம்பி எடுத்த படம். தம்பி உக்காந்த இடம் பின்னாடி. பிடி இருக்கிறது முன்னாடி. கை என்ன ஆறடியா நீளும்? வாங்க சார், அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லிட்டு ஒரு டீ குடிப்போம்."

"அவசரப்படாதே. படம் எடுத்த இடம்தான் பின்னாடி. யார் வேணா எந்த சீட்லயும் உக்காந்து படம் எடுக்கலாம். மாணவன் பறக்கும்போது எங்க உக்காருவான்ங்கறது தனிக் கேள்வி."

"எங்க உக்காருவான்?"

"முன்னாடி. பயிற்சியாளர் பின்னாலதான். அந்த மூணாம் நம்பர் கொக்குல அப்படித்தான் இருக்கு."

"கொக்குல இருந்தா தட்டான்லயும் இருக்கணுமா? எங்க வீட்டுக்காரர் குறட்டை விடறார்னா நீங்களும் விடணும்னு சட்டமா?" அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "காலைலேருந்து நானும் பார்க்கறேன். எப்பவும் நான் ஒண்ணு சொன்னா நீங்க அதுக்கு மேல ரெண்டு சொல்லிக் கண்டுபிடிப்பீங்க. இன்னைக்கு நான் கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க நீங்க மூடிக்கிட்டே வர்றீங்க. யார் பக்கம் சார் நீங்க?"

அவர் விமானத்தின் பக்கம் திரும்பினார். துணிக்குள் தெரிந்த மரச்சட்டத்தை அளப்பதுபோல் விரலால் தடவினார்.

மீட்டர் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி ஏணியில் ஏறினாள். திடீரென்று முணுமுணுப்பு நின்றது.

"சார். இந்தக் கம்பியில ஒரு கிளிப் இருக்கு. முனையில உருண்டை. ஏதோ மாட்டியிருந்து உடைஞ்சு போயிருக்கு."

"ஏதாவது விளக்கா இருக்கும்."

"விளக்காவது, வெங்காயமாவது! இதை எனக்குத் தெரியாதா? பதினாலு வருஷம் இதை முறைச்சுக்கிட்டு உக்காந்தவ நான்." கைப்பையைத் துழாவி முகம் பார்க்கும் வட்டக் கண்ணாடியை எடுத்தாள். தலைமுடி ரப்பரை இரண்டு சுற்றுச் சுற்றி உருண்டையோடு கட்டினாள். பிறகு அருங்காட்சியகத்தின் எந்த விதியையும் பொருட்படுத்தாமல் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன் இருக்கையில் இறங்கி உட்கார்ந்தாள். "நீங்க பின்னாடி ஏறுங்க."

"தொடாதீர்கள்னு எழுதியிருக்கு."

"தொடத்தானே கூடாது? உக்காரக் கூடாதுன்னு போடல. ஏறுங்க."

ஏறினார். இருக்கை குறுகலாக இருந்தது. இருபத்தொரு வயது இடுப்புக்குச் செய்தது. எதிரே அந்த நாலு முள், அந்தத் தட்டு அளவு திசைகாட்டி. புகைப்படத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்ததுபோல் இருந்தது.

முன்னாலிருந்து மீட்டர் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்தாள். "இப்ப பாருங்க. எங்க ஸ்கூல் வண்டில கண்ணாடி ரெண்டு. ஒண்ணு ஓட்டறவனுக்கு ரோட்டைப் பார்க்க. இன்னொண்ணு எனக்கு, அவன் மூஞ்சியைப் பார்க்க. பயப்படறானா, தூங்கறானா, ரோட்டுல போற பொண்ணைப் பார்க்கறானான்னு தெரியணும் இல்ல? கத்துக்கொடுக்கிறவளுக்குப் பையன் மூஞ்சி வேணும். இங்க பையன் முன்னாடி உக்காந்தா, பின்னாடி இருக்கற மாஸ்டருக்கு நேராவே தலை தெரியுது, கண்ணாடி எதுக்கு? பையனுக்கும் மாஸ்டர் மூஞ்சி வேணாம், பார்த்தா இருக்கற தைரியமும் போயிடும். முன்னாடி கண்ணாடி வச்சிருக்காங்கன்னா, முன்னாடி இருக்கறவர்தான் மாஸ்டர். பின்னாடி இருக்கற பையனைப் பார்க்க வச்ச கண்ணாடி இது. இப்ப உங்க மூஞ்சி எனக்கு முழுசாத் தெரியுது. நெத்தியில இருக்கற மச்சம் வரைக்கும்..."

நிறுத்தினாள்.

"சார்? என்ன சார், மூஞ்சி இப்படி இருக்கு?"

முகத்தைத் திருப்பிக்கொள்ள அந்தக் குழிக்குள் இடமில்லை. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் வட்டக் கண்ணாடியில் அவள் கண் இருந்தது. ஒளிக்க முடியாதபடி யோசித்து வைத்த இடம்.

"அந்த அறிக்கையை எழுதினது நான்தான், மீட்டர்."

முற்றத்திலிருந்து உளிச் சத்தம் கேட்டது.

"முன் இருக்கை மாணவனோடதுன்னு எழுதினது?"

"நான்தான். முழுசா ஒரு தட்டானைக் கண்ணால பார்க்காமயே."

கண்ணாடியிலிருந்து அவள் கண் அகலவில்லை. அவர் ஒரு வசவை எதிர்பார்த்தார். ஒரு கிண்டலாவது வந்தால் தேவலை என்றிருந்தது. மீட்டர் ஓடவில்லை.

கடைசியில் கையை மட்டும் பின்னால் நீட்டினாள். "அந்தப் படத்தைக் கொடுங்க. காலைலேருந்து ஏன் என் கையில கொடுக்க மாட்டேங்கறீங்க?"

கொடுத்தார். அவள் உறையிலிருந்து எடுத்துத் திருப்பினாள். பின்பக்கம் நீல மையில் இரண்டே வரி. வாய்விட்டுப் படித்தாள்.

"என் அறை. அடுத்த வாரம் தனியாக."

பிறகு கேட்டாள்: "இதை எப்ப பார்த்தீங்க?"

"செவ்வாய்க்கிழமை."

"இன்னைக்கு வெள்ளி."

"ம்."

"பறக்கறப்ப உக்கார்ற குழியை என் அறைன்னு பையனே எழுதி வச்சிருக்கான். இதைப் பார்த்த பிறகும் யார் வேணா எங்க வேணா உக்காந்து படம் எடுக்கலாம்னு என்கிட்ட சொன்னீங்க. அஞ்சு நிமிஷம் முன்னாடி."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். திசைகாட்டியின் கண்ணாடியிலும் அவர் முகம்தான் தெரிந்தது.

"இறங்குங்க சார்" என்றாள் மீட்டர், இரக்கமும் இல்லாமல் கோபமும் இல்லாமல். "மணி பதினொண்ணே முக்கால்."

பொறுப்பாளர் தன் அறையில் திறப்பு விழா நாற்காலிகளை எண்ணிக் குறித்துக்கொண்டிருந்தார். மீட்டர் போய் முற்றத்திலிருந்து அந்த அம்மாளையும் அழைத்து வந்தாள். நான்கு பேருக்கு அந்த அறை சிறிது. உட்காரச் சொல்லியும் அம்மாள் உட்காரவில்லை.

சர்வேயர் பொறுப்பாளரைக் கேட்டார்: "தட்டான்ல உங்கப்பா எங்க உக்காருவார்?"

"முன்னாடிதான். ஏன்?"

"எப்பவுமேவா?"

"எப்பவுமேதான். எடை எல்லாம் சரியா நிக்கற இடம் முன் சீட்டு. அங்க ஆள் இருந்தாலும் இல்லன்னாலும் விமானத்துக்கு ஒண்ணுதான். அதனால தனியாப் பறக்கறவன் பின்னாடிதான் உக்காரணும். மாணவனை முதல் நாள்லேருந்தே பின்னாடி உக்கார வச்சுப் பழக்குவாங்க. இங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே இது."

"அறிக்கையைப் படிச்சிருக்கீங்களா?"

"பின்ன? படிக்காமயா பேரை விட்டேன்?"

"முழுசா?"

பொறுப்பாளர் சற்றுத் தயங்கினார். "கடைசிப் பக்கம். முடிவு அதுலதானே இருக்கு."

"நாலாம் பக்கத்தைப் பாருங்க. மூணாவது பத்தி."

பொறுப்பாளர் நீல நாடாவை அவிழ்த்து அந்தப் பக்கத்தைத் தேடினார். படித்தார். இன்னொரு முறை படித்தார். 'முன் இருக்கையில் அமர்ந்திருந்த மாணவர்.' அவர் கண் அந்த வரியிலேயே நின்றது. விஷயம் உள்ளே இறங்குவதை சர்வேயர் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் நெற்றி சுருங்கியது, பிறகு வாய் லேசாகத் திறந்தது.

"இது தப்பு" என்றார் மெதுவாக. "அப்பவே யாரும் சொல்லலையா? பள்ளிக்கூடத்துல எல்லாரும் இதைப் படிச்சிருப்பாங்களே?"

"படிச்சிருப்பாங்க. தப்புன்னு பார்த்ததுமே தெரிஞ்சிருக்கும். மாஸ்டர் மேல பழி வந்தா பள்ளிக்கு யார் வருவா? பையன் மேலன்னா வசதி. பேசாம இருந்துட்டாங்க." சர்வேயர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "ஆனா எழுதினது அவங்க இல்ல. அதை எழுதினவன் நான். முழு விமானத்தைப் பார்க்காம, வேற விமானத்துல உக்காந்து பார்த்துட்டு எழுதினேன்."

இந்த மூன்று வாக்கியங்களை அவர் மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தார். சொல்லி முடித்ததும் அந்த அம்மாள் அதிர்ந்துபோவார், அழுவார், ஒருவேளை கையை ஓங்குவார் என்று நினைத்திருந்தார். அம்மாள் கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டார்.

"தெரியும்" என்றார்.

"என்ன... எது தெரியும்?"

"நீங்கதான்னு தெரியும். அவன் பின்னாடி உக்காருவான்னும் தெரியும். பள்ளியோட பழைய காகிதமெல்லாம் போன வருஷம் இங்க வந்தப்ப அறிக்கையை வாங்கிப் படிச்சேன். எனக்குக் கடைசிப் பக்கம் மட்டும் படிச்சுப் பழக்கம் இல்ல. நாலாம் பக்கத்துல நின்னுட்டேன்."

மீட்டரால் தாங்க முடியவில்லை. "அப்ப ஏன்க்கா எங்ககிட்ட வந்தீங்க? நேரா இவங்ககிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"நான் சொன்னா அக்கா பாசம்னு தலையாட்டிட்டு அனுப்பிடுவாங்கம்மா. தப்புன்னு எழுதினவரே சொன்னாத்தான் தப்பு." அம்மாள் சர்வேயரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைத் தேடினார் அவர்; இருந்திருந்தால் பிடித்துக்கொண்டு நிற்கலாம். "படத்தைத் திருப்பிப் பார்த்தவுடனே போன் பண்ணுவீங்கன்னு நினைச்சேன். புதன்கிழமை முழுக்க போன் பக்கத்துலயே இருந்தேன்."

சர்வேயருக்குக் காது இரண்டும் எரிந்தன. வாழ்க்கையில் எத்தனையோ பொய்யர்களை இதுபோல் சிறு மேசைகளுக்கு எதிரே நிற்க வைத்துக் கேட்டிருக்கிறார். எப்போதும் அந்தப் பக்கத்தில் நின்றதால் இந்தப் பக்கம் தரை இவ்வளவு வழுக்கும் என்று தெரிந்திருக்கவில்லை.

"எழுதிக் கொடுக்கறேன்" என்றார். "இப்பவே."

பொறுப்பாளர் ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளினார். யார் பக்கமும் பார்க்காமல் நின்றார். சர்வேயர் உட்கார்ந்து எழுதினார். இது அவருக்குப் பழகிய வேலை. வாக்கியங்கள் தாமாக வந்தன. முந்தைய அறிக்கையின் நாலாம் பக்கம் தவறு. மாணவர் பின் இருக்கையில் இருந்தார். அங்கே பெட்ரோல் பிடி கிடையாது. ஆகவே பெட்ரோலை அடைத்தது முன் இருக்கையில் இருந்த பயிற்சியாளரே என்பது உறுதி.

எழுதும்போதே அம்மாள் தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டு வந்தார். கடைசி வரியில் அவர் விரல் வந்து உட்கார்ந்தது.

"இதை நீங்க பார்த்தீங்களா?"

"இல்ல. ஆனா பிடி முன்னாடிதானே..."

"பிடி அடைச்சுக் கிடந்தது. அவ்வளவுதானே பார்த்தீங்க? விழுந்த வேகத்துல தானா திரும்பியிருந்தா? எஞ்சின் தீப்பிடிச்சு, வேற வழி இல்லாம அவர் அடைச்சிருந்தா? கை தவறியிருந்தா?"

"அது... தெரியாது."

"தெரியாததை எப்படி உறுதின்னு எழுதறீங்க? மறுபடியும்?"

பொறுப்பாளர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய சாவிக்கொத்து மெல்லக் குலுங்கியது.

அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "முப்பத்தோரு வருஷம் நீங்க எழுதின வரி எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில எங்களோட உக்காந்து சாப்பிட்டுது. அம்மா அக்கம்பக்கத்துல தலை நிமிர்ந்து நடந்ததில்ல. வாத்தியாரைக் கொன்னவனோட தாய்னு பேரு. அவங்க போய் ஆறு வருஷம் ஆச்சு. அந்த வரியை எடுத்து இந்தப் பொண்ணு வீட்டுக்கு அனுப்பணும்னு நான் வரல."

சர்வேயர் பேனாவை வைத்துவிட்டார். ஒரு தவறை ஒப்புக்கொண்ட கையாலேயே, மை காய்வதற்குள், அதே தவறை இன்னொரு செத்த மனிதர் மேல் இறக்க இருந்தார். அதுவும் அந்த மனிதருடைய மகளின் மேசையில், மகளே கொடுத்த தாளில். அடித்துச் சொல்லத் தெரிந்தவன். அந்தப் பாராட்டை முப்பது வருடம் பெருமையாகச் சுமந்ததை நினைக்க உடம்பே கூசியது.

கடைசி வரியை அடித்தார். அதற்குக் கீழே எழுதினார்: பெட்ரோலை யார் அடைத்தார், ஏன் அடைத்தார், யாராவது அடைத்தார்களா என்பதே எனக்குத் தெரியவில்லை.

'தெரியவில்லை' என்பது எத்தனையோ நூறு அறிக்கைகளில் அவர் ஒருமுறைகூட எழுதியிராத சொல். மேலதிகாரிகளுக்குப் பிடிக்காது. பேனா அந்த இடத்தில் இடறிவிட்டுத்தான் போனது.

"இது போதுமா?" என்று பொறுப்பாளரைக் கேட்டார்.

அவர் திரும்பாமலே தலையசைத்தார். பிறகு ஜன்னலைத் திறந்து, "அண்ணே, கிளம்பிடாதீங்க" என்று எழுத்து வெட்டுபவரைக் கூப்பிட்டார். "இன்னொரு பேர் இருக்கு. அப்பா பேருக்கு அடுத்ததா. அந்தம்மா வந்து எழுத்து எழுத்தாச் சொல்வாங்க."

"நேரமாச்சும்மா" என்றது வெளிக்குரல். "சரி, சொல்லுங்க."

சர்வேயர் எழுந்து அம்மாளின் முன்னால் நின்றார். "என்னை மன்னிச்சிடுங்கன்னு கேக்கக்கூட எனக்கு..."

"கேக்காதீங்க" என்றார் அம்மாள். கடுமையாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னார். "அதைக் கேட்டுக்க வேண்டியவங்க போயாச்சு. அவங்க சார்பா நான் சரின்னு சொல்ல முடியாது. கையெழுத்தைப் போடுங்க."

போட்டார். தாளை நீட்டினார். அம்மாள் அதை வாங்கி, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். இரண்டு இடத்தில் விட்டுப்போன புள்ளியை வைத்தார். கையெழுத்துக்கு வந்ததும் தாளைத் திரும்ப மேசையில் வைத்தார்.

"கீழ பேரையும் எழுதுங்க. புரியற மாதிரி. போன தடவை கிறுக்கி வச்சிருந்தீங்க. அது யார்னு கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாசம் ஆச்சு."

சர்வேயர் மறுபடி உட்கார்ந்து, எழுதப் பழகுகிற பிள்ளையைப்போல் தாளை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தன் முழுப் பெயரையும் ஒவ்வோர் எழுத்தாக, இடைவெளி விட்டு, எழுதத் தொடங்கினார்.